எல்லா போனுக்கும் வருமா?

டவர் வேலைக்காரனைப் பார்த்தால் ஜனங்களுக்கு இரண்டே கேள்விதான். ஒன்று, "சார், இதுலேர்ந்து வர்ற கதிரு ஒடம்புக்கு ஆகாதாமே?" இன்னொன்று, "எங்க வூட்ல மட்டும் ஏன் சார் சிக்னல் கம்மி?" முதல் கேள்வியைக் கேட்ட அதே ஆள்தான் இரண்டாவதையும் கேட்பான். பதினெட்டு வருஷமாக இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். மூன்றாவதாக ஒரு கேள்வியை இதுவரை ஒரே ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். அதற்கு நான் சொன்ன பதில் தப்பு. அந்தத் தப்பைத்தான் சொல்ல வந்தேன்.

என் பேர் டென்னிஸ். வீடு சங்கராபுரத்தில். கள்ளக்குறிச்சிப் பக்கமும் கல்வராயன் மலையிலும் ஒரு கம்பெனியின் டவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. நான் சேர்ந்தபோது 2ஜி. பேசலாம், நாலு வரி மெசேஜ் அனுப்பலாம், அவ்வளவுதான். அப்புறம் 3ஜி வந்தது. வந்த வேகத்தில் போயும் போனது. நான் ஏற்றி மாட்டிய பெட்டியை நானே இறக்கி வேனில் போட்டேன். பிறகு 4ஜி. இப்போது கீழே டவுனில் 5ஜி. புதுசு வந்தால் பழசைக் கழற்று என்பார்கள். காற்றில் அலைவரிசைக்கு இருக்கிற இடம் கொஞ்சம்தான், பழசு எழுந்தால்தான் புதுசு உட்கார முடியும். திருவிழா பஸ்ஸில் சீட்டு பிடிக்கிற கதை. நானும் சொன்னபடி கழற்றுவேன். பழைய போன் வைத்திருந்தவன் என்ன ஆனான் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அது என் வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெல்லிமேடு மலைக்கு மேலே இருக்கிற ஊர். நாற்பது வீடு. பேரில்தான் மேடு, ஊர் இருப்பது பள்ளத்தில், நாலு பக்கமும் கரடு, சின்னச் சின்னக் குன்று. சிக்னல் என்பது கிட்டத்தட்ட வெளிச்சம் மாதிரி. நேராகப் போகும், கரடு மறைத்தால் அந்தப் பக்கம் நிழல் விழும். கொஞ்சம் வளைந்து கொடுக்கும், அதுவும் ஓரளவுக்குத்தான். நெல்லிமேடு முழுக்க அப்படி நிழலில் கிடந்தது. ஆனால் ஊருக்குக் கிழக்கே கரட்டின் உச்சியில் ஒரு பாறை உண்டு. அதன் மேல் நின்றால் சங்கராபுரம் பக்கத்துக் கரும்புக் கொல்லைகள் வரைக்கும் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குச் சிக்னலும் வரும். கீழே நிற்கிற எங்கள் பழைய 2ஜி டவரின் சிக்னல் தட்டுத் தடுமாறி அந்தப் பாறைக்கு மட்டும் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

போன வருஷம் புது டவருக்கு இடம் பார்க்கப் போனபோதுதான் அந்தக் கூத்தைப் பார்த்தேன். பாறை ஓரத்தில் ஒரு கடுக்காய் மரம். கிளைக்குக் கிளை துணிப்பை தொங்குகிறது. லுங்கித் துணியில் தைத்தது, பழைய யூனிபாரத்தில் தைத்தது, ஒன்றில் ஜிகினா வேறு. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு போன். மரத்தடியில் ஆடுகளோடு ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது இருக்கும். காசியம்மாள் என்று பேர்.

"இன்னாக்கா இது, போன் காய்க்குதா?" என்றேன்.

"ஆட்டோட சேத்து இதையும் மேய்க்கிறன் தம்பி" என்றாள், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு போகும்போது வீடு வீடாக நின்று போனை வாங்கிக்கொள்வாளாம். சாயந்திரம் சார்ஜ் போடத் திருப்பிக் கொடுத்துவிடுவாளாம். எந்தப் பை கூவினால் யார் வீட்டுப் போன் என்பது அவளுக்கு அத்துப்படி. எடுத்து, "லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டு, பாறை நுனிக்குப் போய் ஊரைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூவுவாள். ஊர் முழுக்கக் கேட்கும். பேருக்கு உரியவர் மட்டும் கொல்லையில் போட்டதைப் போட்டபடி பாறைக்கு ஓடி வருவார். இத்தனைக்கும் அவளுக்கென்று ஒரு போன் கிடையாது.

எனக்குச் சிரிப்பாக இருந்தது. யோசித்தால் சிரிக்க அதில் ஒன்றுமே இல்லை. உங்களுக்கு ஒரு கால் வந்தால் எங்கள் டவரும் அதைத்தான் செய்கிறது. சுற்றுவட்டாரம் பூராவும் உங்கள் நம்பரைச் சொல்லிக் கூப்பிடும். எல்லாப் போனுக்கும் அது காதில் விழும், உங்கள் போன் மட்டும் "இதோ இருக்கேன்" என்று பதில் கொடுக்கும். அத்தனை மிஷின் வைத்து நாங்கள் செய்ததை அவள் தொண்டையை வைத்துச் செய்துகொண்டிருந்தாள்.

இந்த வருஷம் ஆவணிக் கடைசியில் ஊர் நடுவிலேயே டவர் எழும்பியது. திறப்பு அன்றைக்குத் தேங்காய் உடைத்தார்கள், எனக்கும் ஒரு சால்வை போர்த்தினார்கள். என் போனை எடுத்துத் தூக்கிக் காட்டினேன். நாலு கோடும் நிறைய. பையன்கள் விசில் அடித்தார்கள். அப்போதுதான் கூட்டத்தின் ஓரத்தில் இருந்து காசியம்மாள் கேட்டாள்.

"தம்பி, எல்லா போனுக்கும் வருமா?"

"எல்லா போனுக்கும்தாங்க்கா! இனிமே யாரும் பாறைக்குப் போவத் தேவையில்ல. நீங்க ஆட்ட மட்டும் மேச்சா போதும்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த டவர் வெறும் 4ஜி டவர். 2ஜி அதில் கிடையாது. பழைய பட்டன் போனுக்கு 4ஜி பேசுகிற பேச்சு புரியாது. டவருக்கு அடியிலேயே வைத்தாலும் அது செங்கல்தான். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அரை நிமிஷம் யோசித்திருந்தால் சொல்லியிருப்பேன். தோளில் சால்வை இருந்தபோது யோசிக்கத் தோன்றவில்லை.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை டவர் பேட்டரியில் கோளாறு என்று தகவல் வர, மறுபடி நெல்லிமேட்டுக்குப் போனேன். மழை விட்ட காலை. சாமைக் கொல்லையெல்லாம் பழுத்து, பாதிக்கு மேல் அறுத்தாகிவிட்டது. பேட்டரிப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கும்போது வேலிக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். முப்பது, முப்பத்திரண்டு வயது. கையில் ஒரு பட்டன் போன். கூடவே காசியம்மாள்.

"சார், ஒண்ணு கேக்கலாங்களா? போன்ல ஒருத்தரு பேசறது இந்த டவர்ல வந்து நின்னுடுமாங்க? உள்ள மாட்டிக்கினு எங்க வூட்டுக்கு வராம இருக்குமா?"

நான் சிரிக்கப் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"இவ ஆயம்மா" என்றாள் காசியம்மாள். "இவ ஊட்டுக்காரன் செல்லன், ஆடியிலயே குடகுக்கு வேலைக்குப் போனான். காப்பித் தோட்டம். வாரா வாரம் புதன்கெழம போன் போடுவான். அஞ்சு வாரமா சத்தமே இல்ல."

செல்லனுக்குப் படிப்பு கிடையாது, சொந்தமாகப் போனும் கிடையாது. புதன்கிழமை மத்தியானம் தோட்டத்துச் சமையல்காரர் சந்தைக்குப் போகும்போது கூடப் போய், அவர் போனையோ அங்கே யாரிடமாவது இரவல் போனையோ வாங்கிப் பேசுவானாம். ஆயம்மாள் நம்பர் ஒன்றுதான் அவனுக்குத் தெரியும். அவன் கூப்பிட்ட நம்பர்களைப் போனில் தேடி எடுக்க இவளுக்கும் தெரியாது. "கொல்லைல கள புடுங்கிக்கினே பத்து நம்பரையும் நான்தான் மனப்பாடம் பண்ண வெச்சேன் சார். மறந்துட்டாரோன்னு மொதல்ல நெனச்சேன்" என்றாள் ஆயம்மாள். அப்புறம் ஊர் அவளை வேறு மாதிரி நினைக்க வைத்திருக்கிறது. அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று ஒரு வீட்டில். மரத்திலிருந்து விழுந்திருப்பான், மேஸ்திரி மறைக்கிறான் என்று இன்னொரு வீட்டில். "டவரு பக்கத்துலயே கீது, போன் வரலன்னா அவன்தான் போடல" என்று எல்லா வீட்டிலும்.

"நாளைக்குக் காலைல மொத பஸ்ல கெளம்பறேன். குடகுல எந்த எடம்னு தெரியாது. மடிக்கேரின்னு ஒருவாட்டி சொன்னாரு, அத வெச்சி தேடிக்கிறேன்" என்றாள். அவள் கொல்லைச் சாமை அறுக்காமல் நின்றது. இன்னும் நாலு நாள் விட்டால் உதிர்ந்துபோகும்.

அவள் போனை வாங்கிப் பார்த்தேன். திரை மேல் மூலையில் அடிபட்டுக் கறுத்திருந்தது, சிக்னல் காட்டுகிற இடம் சரியாக அதற்குள். பேட்டரி மட்டும் முழுசாக இருந்தது. தினமும் தவறாமல் சார்ஜ் போட்டிருக்கிறாள். என் போனில் இருந்து அவள் நம்பரை அடித்தேன். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது அந்தக் குரல். அந்த நபர் டவருக்கு ஏழு அடி தூரத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஊரில் யாரும் அவள் நம்பருக்கு அடித்துப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "பக்கத்து வூட்டுக்கு யாருங்க போன் போடுவா? கொரல் குடுத்தா வர்றோம்" என்றாள். நியாயம்தான். மற்றவர்கள் பெரிய போன் வாங்கிவிட்டார்கள். பட்டன் போனோடு மிச்சமிருந்தது இவளும், கால் வருகிறதா இல்லையா என்றே கவனிக்காத இரண்டு கிழடுகளும்தான்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவமானம் என்றால் அதுதான், வேறு வார்த்தை தேட வேண்டாம். உடனே மேலதிகாரி தெய்வசிகாமணிக்குப் போன் போட்டேன். "சார், நெல்லிமேட்டுல 2ஜி ஒரு கார்டு போட முடியுமா?" அவர் பொறுமையாகத்தான் பேசினார். "டென்னிஸ், அந்த சைட்டுக்கு அது பிளான்லயே இல்லப்பா. கீழ இருக்கிற பழசையே சீக்கிரம் எடுக்கப் போறாங்க. அந்தம்மாவ ஒரு 4ஜி போன் வாங்கிக்கச் சொல்லு." அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் மணி பதினொன்றரை, புதன்கிழமை, செல்லன் போன் போடுகிற நேரத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

எனக்கு அவசர புத்தி. அவள் சிம்மை எடுத்து என் போனில் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று தோன்றியது. பட்டன் போனைப் பிரித்தேன். பழைய காலத்துப் பெரிய சிம். என் போனில் நுழைகிற சைஸ் இல்லை. டூல் பையில் இருந்து கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன். சிம்மின் ஓரத்தில் கத்தரியை வைத்தும்விட்டேன்.

காசியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஆடு பிடிக்கிற கை, இரும்பு மாதிரி.

"வெட்டாத தம்பி. அவனுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு நம்பருதான். இது போச்சுன்னா அவன் எங்க தேடுவான்? மொத வாட்டி நீ சொன்னதக் கேட்டோம். இப்ப நான் சொல்றதக் கேளு. மரத்துக்குப் போலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது 2ஜி காலத்துச் சிம். ஒழுங்காக வெட்டியிருந்தாலும் 4ஜியில் வேலை செய்திருக்காது. பிசகி வெட்டியிருந்தால் பாறையிலும் செய்யாது. பதினெட்டு வருஷ சர்வீஸ்காரன் செய்யப்போன காரியம் இது. சிம்மைத் திரும்பப் பட்டன் போனில் போட்டு மூடினேன்.

பாறைக்கு ஏறினோம். மழையில் வழி வழுக்கியது. டவர் ஏறிப் பழகின எனக்கு மூச்சு வாங்கியது, அவர்கள் இருவரும் செருப்புகூட இல்லாமல் விறுவிறுவென்று போனார்கள். கடுக்காய் மரத்தில் நாலைந்து காலிப் பைகள் இன்னமும் தொங்கின. யூனிபாரத் துணியில் தைத்தது ஆயம்மாளுடையது. காசியம்மாள் போனை வாங்கி அந்தப் பைக்குள் போட்டு, வழக்கமான கிளையில் மாட்டி, பையின் வாயைக் கிழக்கே திருப்பி வைத்தாள். ஏன் கிழக்கே என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். கீழே அந்தப் பழைய டவர் இருப்பது அந்தத் திசையில்தான்.

ஆன் செய்த போன் எதுவும் பேசாமல் கிடக்காது. நான் இங்கே இருக்கிறேன் என்று டவருக்கு அவ்வப்போது ஒரு குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். குரல் வராத போனைத் தேடி டவர் கூப்பிடாது. அஞ்சு வாரமாக இந்தப் போன் குரல் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும், கேட்கத்தான் அதன் பாஷை தெரிந்த டவர் இல்லை. மரத்தில் மாட்டி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. பைக்குள் 'டிங்' என்றது. இன்னொன்று. அப்புறம் விடாமல் அடித்தது.

ஆயம்மாள் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். அவளுக்கும் வாசிக்க வராது. எல்லாம் கம்பெனி அனுப்பும் மெசேஜ்: உங்கள் போன் எல்லைக்கு வெளியே இருந்தபோது இந்த நம்பரில் இருந்து இத்தனை தடவை அழைப்பு வந்தது என்று. பழசெல்லாம் காலாவதியாகி அழிந்திருக்கும். கடைசி சில நாளுடையதுதான் வந்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம நாலு தடவ போட்டிருக்காரும்மா" என்று வாசித்தேன். "திங்கக்கெழம வேற நம்பர்லேர்ந்து ஆறு தடவ. நேத்து அதே நம்பர்லேர்ந்து ஒம்போது தடவ."

அவள் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "போட்டுக்கினுதான் இருந்திருக்காரு. போட்டுக்கினுதான் இருந்திருக்காரு" என்று அதையே சொன்னாள். காசியம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்பது தடவை போட்ட நம்பருக்கு என் போனில் இருந்து அடித்தேன். தோட்டத்துச் சமையல்காரர் எடுத்தார். நம் பக்கத்துத் தமிழ்தான்.

"செல்லனா? நேத்து சாயந்தரமே பஸ் ஏறிட்டானே சார். வூட்ல போன எடுக்கல, பொண்டாட்டிக்கு இன்னாமோ ஆயிடுச்சின்னு ஒரு வாரமா சோறு எறங்கல அவனுக்கு. வேல முடியாம போனா திரும்பி வராதேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. அப்பவும் நிக்கல. அழுதுக்கினே போனான்."

அவனைத் தேடி இவள் நாளைக்குப் புறப்படுகிறாள். இவளைத் தேடி அவன் நேற்றே புறப்பட்டுவிட்டான். வேலையும் போயிற்று. வழியில் அவன் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டிருந்தால், எதிரெதிர் பஸ்ஸில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தாண்டிப் போயிருந்தாலும் போயிருப்பார்கள், நான் கைதட்டல் வாங்கின ஒரு வார்த்தையால்.

அதற்கப்புறம் மூன்று பேரும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். வழியில் எங்கேயாவது இறங்கினால் அவன் மறுபடி போட்டுப் பார்ப்பான் என்று ஆயம்மாள் சொன்னாள். ஆடுகள் பாட்டுக்கு மேய்ந்தன. பேட்டரிப் பெட்டி திறந்தபடியே கிடக்கிறது என்பது நினைவுக்கு வந்தது, எழுந்திருக்க மனசு வரவில்லை. மாதாவே, மணி அடிக்கட்டும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மணி ஒன்றேகாலுக்கு அடித்தது.

ஆயம்மாள் எடுத்தாள். அவசரத்தில் பட்டன் அமுங்கவில்லை. காசியம்மாள்தான் கட்டை விரலால் அழுத்தினாள். பழைய போன், சத்தம் ஜாஸ்தி. எங்கள் இருவருக்குமே கேட்டது.

"புள்ள? நீ உசுரோட இருக்கியா?"

"அத நான் கேக்கணும் உன்ன" என்றாள் ஆயம்மாள். அவன் பக்கம் பஸ் ஹாரனும் "சின்னசேலம், கள்ளக்குறிச்சி" என்று கண்டக்டர் கூவுவதும் கேட்டது. ஆத்தூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரர் போனாம். சாயந்திரத்துக்குள் மலை ஏறிவிடுவானாம். ஒடம்பு எப்டி, சாமை அறுத்தாச்சா, ஏன் அழுவற என்று அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். கடைசியில், "அப்புறம் ஏன் புள்ள போன எடுக்கல?" என்றான்.

ஆயம்மாள் என்னைப் பார்த்தாள். போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க சார்."

வாங்கிக்கொண்டேன். "அய்யா, நான் டென்னிஸுங்க. டவர்ல வேல பாக்கறவன். உங்க சம்சாரம் மேல தப்பே இல்லீங்க, எல்லாம் என் தப்பு. ஊருக்குள்ள டவர் வந்துடுச்சு, இனிமே யாரும் பாறைக்குப் போவ வேணாம்னு நான்தான்..."

"இன்னாது?" என்றான் செல்லன். "டவரா? எந்தூர்ல?"

"உங்க ஊர்லதாங்க. நெல்லிமேட்டுல."

நான் திட்டு வாங்கத் தயாரானேன்.

"எங்கூர்லயா! மெய்யாலுமா சார்?" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பக்கத்தில் யாரிடமோ, டீக்கடைக்காரராக இருக்கும், "எங்கூருக்கு டவரு வந்துடுச்சாங்க" என்று சொன்னான். வேலையை விட்டுவிட்டு, ராத்திரியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டு வந்தவன். "அப்போ எம்பொண்டாட்டி இனிமே பாறை ஏற வேணாமா? வூட்ல இருந்தே பேசலாமா சார்? எங்க போனுக்கும் வருமா?"

காசியம்மாள் ஆட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள்.

"இன்னும் வராதுங்க" என்றேன். "ஞாயித்துக்கெழம நானே புது போனும் புது சிம்மும் எடுத்துக்கினு உங்க வூட்டுக்கு வர்றேன். இதே நம்பர்தான், மாறாது. உள்ள வெச்சி, வெளியிலேர்ந்து அடிச்சிப் பாத்து, மணி அடிச்சப்புறம் சொல்றேன் வரும்னு. அதுவரைக்கும் வராதுங்க."

"சரிங்க சார். ரொம்ப சந்தோஷங்க சார்" என்றான், நான் ஏதோ பெரிய உதவி செய்துவிட்டவன் போல. பஸ் புறப்படுகிறது என்று வைத்துவிட்டான்.

காசியம்மாள் என் கையில் இருந்து போனை வாங்கினாள். முந்தானையில் துடைத்தாள். யூனிபாரத் துணிப் பைக்குள் போட்டு மரத்தில் மாட்டினாள்.

"கள்ளக்குறிச்சியில எறங்கனா திரும்பப் போடுவான்" என்றாள். "நீ போயி ஒன் பேட்டரியப் பாரு தம்பி. நான் இருக்கேன்."